அணையாத எஞ்சின்

பழைய சாமான் கடையில் வாங்கி வந்த எஞ்சினை மெக்கானிக் தன் தம்பியின் காரில் பூட்டி முடித்தபோது உச்சி வெயில். சாயங்காலம் தம்பிக்குப் பந்தயம். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. "இது இருந்த காரை ஓட்டினவன் உள்ளேயே கருகிட்டாம்பா. ஆளு போன பிறகும் எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சாம்." பேய்க்கதையெல்லாம் மெக்கானிக்கிடம் எடுபடாது. சிரித்துவிட்டு வாங்கி வந்தார்.

தம்பி பந்தய பெல்ட்டை மாட்டிக்கொண்டு சாவியைத் திருப்பினான்.

"மகாராஜா மாதிரி சாஞ்சுக்காதே. ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடு. ஐடிலிங் செட் பண்ணணும்."

"எடுத்துட்டேண்ணா."

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கார்புரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் திணறும். திணறும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. மெக்கானிக் திருகினார். திணறவில்லை. முழுக்க இறுக்கினார்.

உறுமல் ஏறியது.

"சாவியை ஆஃப் பண்ணுடா."

"எப்பவோ பண்ணிட்டேன்!"

பெட்ரோல் டியூபைப் பிடுங்கினார். எஞ்சின் இன்னும் வேகமெடுத்தது. புகையில் பெட்ரோல் வாடையே இல்லை. தீய்ந்த மாமிச வாடை அடித்தது.

"அண்ணா... பெல்ட் இறுகுது."

தம்பியின் முகம் நீலம் பாரித்திருந்தது. அவன் விலா எலும்பு முறிகிற சத்தம் அத்தனை இரைச்சலிலும் கேட்டது. அடங்காத எஞ்சினை அடக்கக் கடைசி வழி ஒன்று உண்டு. கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் பொத்த வேண்டும். காற்றில்லாமல் எந்த எஞ்சினும் ஓடாது.

பொத்தினார்.

உள்ளேயிருந்து விரல்கள் வந்து அவர் விரல்களைக் கோத்துக்கொண்டன.

இழுத்தன.

சுண்டுவிரல் ஒடிந்தது. அடுத்து மோதிர விரல். கார்புரேட்டர் வாயில் ரத்தம் நுரைத்தது. கையை எடுத்தால் எஞ்சினுக்குக் காற்று கிடைக்கும், தம்பி செத்துவிடுவான். கை போனால் போகட்டும். அலறிக்கொண்டே இன்னும் அழுத்தினார்.

எஞ்சின் திணறியது. விக்கியது. நின்றது.

பெல்ட் தளர்ந்தது. மெக்கானிக் சிதைந்த கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, தம்பியை வெளியே இழுத்துத் தரையில் கிடத்தினார்.

"டேய், அண்ணன் இருக்கேண்டா. மூச்சு விடுடா கண்ணு."

தம்பி வாயைத் திறந்து மூச்சை இழுத்தான். பிழைத்துவிட்டான் என்று மெக்கானிக் விம்மி விம்மி அழுதார்.

தம்பி இழுத்துக்கொண்டே இருந்தான். மார்பு வீங்கிக்கொண்டே போனது. அதற்குள்ளிருந்து எஞ்சினின் உறுமல் கேட்டது. தரையில் கிடந்த தூசியும் காகிதத் துண்டும் அந்த வாயை நோக்கி நகர்ந்தன.

இழுத்த மூச்சை அவன் வெளியே விடவே இல்லை.