டிஸ்க்கில் இடமில்லை!

போன் அடித்தது.

மணி பதினொன்று பத்து. நேற்று இதே போன்தான், நாலாவது மாடியிலிருந்து விழுந்த ஓர் உடலைப் பற்றிச் சொன்னது.

அவள் எடுத்தாள்.

"மேடம், பேப்பர் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். அஞ்சலி விளம்பரத்துக்குப் படம் இன்னும் வரலையே?"

"அனுப்பறேன்."

"ஒரு மணிக்குள்ள வந்தாத்தான் நாளைக்கு வரும். சின்ன வயசு போலிருக்கே... இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

"ஐயோ... ஸாரி மேடம்..."

"ஒரு மணிக்குள்ள வந்துடும்" என்று சொல்லி வைத்தாள். பாஸ்போர்ட் போட்டோ கேட்டு வந்தவரிடம் பேசும் அதே குரல்!

பத்து வருடமாக ஸ்டுடியோவில் அவளுக்கு அதுதான் வேலை. ஊரார் முகத்துப் பருவை அழிப்பது... இரட்டைத் தாடையைக் குறைப்பது... கண்ணுக்குக் கீழே கருவளையத்தைத் துடைப்பது.

நேற்றிலிருந்து அவள் அழவில்லை.

ஹால் நிறைய உறவுக்காரர்கள். அவளை அழவைத்துவிட வேண்டுமென்று ஒவ்வொருவராக முயன்று பார்த்துத் தோற்றுப் போயிருந்தார்கள். மாமியார் மட்டும் அறை வாசல்வரை வந்து வந்து எட்டிப் பார்த்துப் போனாள்.

"ஒரு வாய் காப்பி குடிம்மா..."

"வைங்க அத்தே. வேலை இருக்கு."

கணவனின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அவன் தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. படம் எடுக்கிறவனை யார் எடுப்பார்கள்? ஒரு க்ரூப் போட்டோதான் கிடைத்தது. அதிலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும்.

எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தாள்.

'டிஸ்க் நிரம்பிவிட்டது. இடம் ஒதுக்கிவிட்டு மீண்டும் முயலவும்.'

மறுபடி திறந்தாள். மறுபடியும் அதே!

நான்காவது முறை கட்டத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன தங்கச்சி, மக்கர் பண்ணுதா?"

திரும்பினாள்.

என்ஜினியர்.

கணவனோடு ஒன்றாகப் படித்தவர். திரையிலிருந்த க்ரூப் போட்டோவில் அவன் தோளில் கை போட்டு நிற்பவர். கணவன் விழுந்த கட்டிடத்துக்கு என்ஜினியரும் அவர்தான். கணவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவரே.

வேலை இதுதான்: கட்டிடத்துக்கு எதிரே ஒரு கம்பத்தின் உச்சியில் கேமரா. கட்டிடம் வளர்வதைப் பத்து செகண்டுக்கு ஒரு படமாக எடுக்கும். எடுத்த படத்தை இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கடைசியில் அத்தனையையும் கோத்து, அஸ்திவாரத்திலிருந்து மொட்டை மாடிவரை மூன்று நிமிடப் படமாக ஓட்டிக் காட்ட வேண்டும்.

நேற்றுக் காலை சைட்டுக்குப் போனவன், நாலாவது மாடி ஏறினான். விழுந்தான்.

கால் வழுக்கியது என்று எழுதிக்கொண்டு, தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர்.

"டிஸ்க்கில இடமில்லைங்குது அண்ணா. படம் பண்ணணும்."

"எழுந்திரு. நான் பாக்கறேன்."

எழுந்தாள். அவர் உட்கார்ந்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. படமாக இருந்தால், அந்தச் சிவப்பை நாற்பது சதவீதம் குறைத்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் மட்டும் நேத்து சைட்ல இருந்திருந்தா... சிமெண்ட் குடோனுக்குப் போய்த் தொலைச்சேன் தங்கச்சி!"

"சொன்னீங்க அண்ணா."

"இதோ பார்... இந்த சைட் ஃபோல்டர்தான் இடத்தையெல்லாம் அடைச்சிட்டிருக்கு. தூக்கிடலாமா?"

"அது அவர் நாலு மாசமா எடுத்தது."

"கம்பெனில காப்பி இருக்கு. நான் வாங்கித் தரேன்."

அவள் ஃபோல்டரைப் பார்த்தாள். நாலு மாதம். வெயிலில் கம்பம் ஏறி லென்ஸ் துடைத்து, தோலுரிந்த கழுத்தோடு வந்து நின்ற நாலு மாதம்.

ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தாள்.

தோன்றவில்லை.

"சரி அண்ணா."

க்ளிக்.

ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்து... நகர்ந்து... மறைந்தது.

"நூத்திப்பத்து ஜி.பி. காலி! இனிமே எந்தத் தொந்தரவும் இருக்காது."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஹாலிலிருந்து மாமியாரின் குரல். "தம்பி... ஆஸ்பத்திரிலேர்ந்து உடம்பு எத்தனை மணிக்கு வரும்னு கேட்டுச் சொல்லுப்பா..."

"இதோ வரேம்மா!"

போனார்.

அவள் உட்கார்ந்தாள். சாஃப்ட்வேர் சமர்த்தாகத் திறந்தது. கணவனின் காதோரத்தில் வெட்ட ஆரம்பித்தாள்.

டிங்!

திரையின் மூலையில் ஒரு சிறு கட்டம்.

'புதிய படங்கள் வருகின்றன.'

அழித்த இடத்தில் புதிதாக ஒரு ஃபோல்டர்! ஒன்று... ஐந்து... பதினெட்டு...

முதல் படத்தின் நேரத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. நேற்றுக் காலை பத்து பன்னிரண்டுக்கே இங்கே டிஸ்க் நிரம்பிவிட்டது. அனுப்பிய படத்தை வாங்க ஆளில்லை. ஆனால் கம்பத்து உச்சியில் இருந்த கேமரா எடுப்பதை நிறுத்தவில்லை. எடுத்ததையெல்லாம் தன் மெமரி கார்டில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது...

இப்போது இடம் கிடைத்துவிட்டது!

அவன் விழுந்ததாகப் போலீஸ் எழுதிய நேரம், பத்து பதினெட்டு. அந்த நேரத்துப் படத்தைத் திறந்தாள்.

நாலாவது மாடி விளிம்பு. கணவன். அவன் எதிரே வெள்ளை ஹெல்மெட்.

அடுத்த படம். கணவன் ஒரு தூணைக் காட்டுகிறான்.

அடுத்தது. வெள்ளை ஹெல்மெட் கையை ஓங்கியிருக்கிறது.

அடுத்தது. இரண்டு கைகளும் கணவனின் நெஞ்சில்!

அடுத்தது...

ஒரே ஒரு ஆள்.

வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்று நினைத்தாள். அதற்கு மேல் எதையும் நினைக்க முடியவில்லை. கை தன்பாட்டில் தினசரி வேலையைச் செய்தது. பெரிதாக்கு. நிழலைக் குறை. முகத்தைக் கூர்மையாக்கு.

சிமெண்ட் குடோனில் இருந்த என்ஜினியர், நாலாவது மாடியில் தெளிவாகத் தெரிந்தார்!

படங்களை இன்ஸ்பெக்டரின் போனுக்கு அனுப்பிவிட்டு, டயல் செய்தாள்.

"சார், அஞ்சு படம் வந்திருக்கும். பாருங்க."

"என்ன படம்மா? இருங்க..." அவர் குரல் எகிறியது. "அடப்பாவி! இவன்தானேம்மா நேத்து மார்ச்சுவரி வாசல்ல மயங்கி விழுந்தான்? எங்கே இருக்கான் இப்ப?"

"ஹால்ல. என் மாமியாருக்கு ஆறுதல் சொல்லிட்டிருக்கார்."

"கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுங்க! பத்தே நிமிஷம்!"

வைத்தாள். எழுந்து தாழ்ப்பாள் போட அவளுக்குத் தோன்றவில்லை. காதை வெட்டி முடித்து, தலைமுடிக்கு வந்தாள். முடிதான் கஷ்டம். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

"நாலு மணிக்கு உடம்பு வந்துடுமாம் தங்க..."

என்ஜினியரின் குரல் பாதியில் அறுந்தது.

திரையின் ஒரு பக்கம் கணவனின் சிரிப்பு. இன்னொரு பக்கம் அவர்.

"இ... இது எப்படி? நான் எல்லாத்தையும் அழிச்சேனே!"

"நீங்க அழிச்சது அதுக்கு முந்தி வந்தது அண்ணா. அதுல இது இல்லை. இது இப்பத்தான் வருது."

பாய்ந்தார். மேஜைக்கு அடியில் குனிந்து ப்ளக்கைப் பிடித்தார்.

"பிடுங்காதீங்க. முடி பாதிதான் வெட்டியிருக்கேன். உங்க படத்தை இன்ஸ்பெக்டர் அப்பவே பாத்துட்டார்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தூண்ல கம்பி குறைச்சுப் போட்டிருக்கேன் தங்கச்சி... படத்தைப் பெரிசு பண்ணி எண்ணியிருக்கான். கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துடுவேன்னான். கெஞ்சினேன். கேக்கலை... வேணும்னு பண்ணலை!"

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

"அந்தக் கேமரா பத்து செகண்டுக்கு ஒரு படம்தான் எடுக்கும். நடுவுல என்ன நடந்துதுன்னு அதுக்குத் தெரியாது. அவர் ஏதாவது சொன்னாரா?"

"தங்கச்சி..."

"சொன்னாரா?"

"...'டேய்'னான். அவ்வளவுதான். சின்ன வயசுல கூப்பிடற மாதிரி."

அவள் தலையாட்டினாள். முதல் முறையாக அவளுடைய கீழுதடு லேசாக நடுங்கியது. பல்லால் அழுத்தி நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் ஜீப் நின்றது. பூட்ஸ் சத்தம் படியேறியது. ஹாலில் மாமியார் "என்ன சார்... என்ன சார்..." என்று பதறுவது கேட்டது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். தரையில் இருந்தவரைக் காலரைப் பிடித்து எழுப்பினார்.

"நடடா!"

விலங்கு மாட்டிய கையோடு என்ஜினியர் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி... சத்தியமாச் சொல்றேன்... உனக்கு உதவி பண்ணணும்னுதான் இன்னிக்கு வந்தேன்..."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பண்ணிட்டீங்களே அண்ணா... நூத்திப்பத்து ஜி.பி.க்கு!"