தெற்கே திரும்பிய ஆன்டெனா

"தெற்குப் பாக்கத் திருப்பி வெச்சீங்களா? யாரைக் கேட்டு?"

"மாடியில எது நின்னாலும் தெற்கு பாக்கணுங்க. வெயில் அங்கதானே! உங்களுது கோணலா நின்னுச்சு. நேராக்கி, நட்டு நாலையும் இறுக்கிக் குடுத்தேன். ஒரு தேங்க்ஸ் உண்டா?"

"அது சோலார் பேனல் இல்ல, ஆன்டெனா!"

மொட்டை மாடியில் நடந்த இந்தச் சண்டை தரைத்தளம் வரை கேட்டது. சரியாகக் கேட்காதவர்கள் துணி எடுக்கும் சாக்கில் மேலேயே போய்விட்டோம்.

கத்தியவள் எங்கள் அபார்ட்மென்ட் செகரட்டரியின் மகள். குடியிருப்பில் அவளுக்கு 'ராக்கெட்டு' என்று பேர். ஆய்வுக்கூடத்தில் நாலு பேரோடு சேர்ந்து செருப்புப் பெட்டி அளவில் ஒரு செயற்கைக்கோள் செய்து மேலே அனுப்பியிருந்தாள். போனுக்குப் போடும் சாதாரண பாகங்கள்தான். அங்கே வெயிலைப் பிடித்து, ரேடியோ அலையாக்கி, ஒரு சாண் தள்ளியிருக்கும் தகட்டுக்கு அனுப்பி, குட்டி விளக்கு ஒன்றை எரிய வைக்க வேண்டும். அது பலித்தால் ஒருநாள் வானத்து வெயில் பூமிக்கே வருமாம்!

ஆனால் பெட்டியின் பேனல் இறக்கை விரியவில்லை. பேட்டரியோ வடிந்துகொண்டிருந்தது. அது தலைக்கு மேலே கடக்கும் எட்டு நிமிடத்தில், மாடி ஆன்டெனா அதன் பின்னாலேயே திரும்பி 'விரி' என்று கட்டளை அனுப்ப வேண்டும். இன்றைய எட்டு நிமிடம் போயே போச்சு. இறுக்கிய கம்பத்தைத் திருப்பப் பார்த்து, ஆன்டெனாவைச் சுழற்றும் மோட்டாரும் கருகிவிட்டது. நாளை நாலு பன்னிரண்டுக்குக் கடைசி வாய்ப்பு. தவறினால் மூன்று வருட உழைப்பு வெறும் குப்பை.

திட்டு வாங்கியவன் குடியிருப்புக்கு சோலார் பேனல் மாட்ட வந்தவன். வெயிலுக்குச் சுருங்கிச் சுருங்கியே சிரிப்பது போலாகிவிட்ட கண்கள்... சிரிக்கிறானா? சிரிக்கவே செய்கிறான்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியத்திலிருந்து ஸ்பானரோடு மல்லுக்கு நின்றாள். உள்ளங்கை கொப்பளித்ததே தவிர, ஒரு நட்டும் அசையவில்லை. பத்தடி தள்ளி அவன், பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு ஒயர் இழுத்தான்.

"அந்தப் பையனைக் கூப்பிட்டாத்தான் என்னம்மா?" என்றார் செகரட்டரி.

"செத்தாலும் மாட்டேம்பா!"

நாலு மணிக்கு மழை பிடித்தது. நாலு ஐந்துக்கு...

"யோவ்... தெற்கு!"

அடுத்த நொடி அவன் அங்கே நின்றான். "கூப்பிட இவ்வளவு நேரமா?"

"கூப்பிட்டாத்தான் வருவீங்களா?"

அவன் இறுக்கியது அவன் கைக்குத்தான் இளகியது. மோட்டார் இல்லாததால் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவனே திருப்பினான். குடைக்குள் லேப்டாப்போடு அவள்.

"இடது! ஐயோ, உங்க இடது இல்ல, என் இடது!"

"அதை மொதல்லயே சொன்னா என்ன!"

"தூக்குங்க... இன்னும்... போதும்! போதும்னு சொன்னேன்ல!"

ஆறாவது நிமிடம். "விரிஞ்சிருச்சு..." ஏழாவது நிமிடம். "விளக்கு... எரியுது."

குடை எங்கோ பறந்தது. அழுதுகொண்டே அவனைத் திட்டினாள். இமையில் நின்றது மழையா, கண்ணீரா... அவனுக்குத் தெரியவில்லை.

"தப்பு என்னோடதுதாங்க," என்றான் அவன். "நேத்தே சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா திட்டுறதை நிறுத்திருவீங்க. அந்தக் கண்ணு ரெண்டும் வேற பக்கம் திரும்பிரும்..."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு இன்னும் கோவம் போகலை. இந்த ஜென்மத்துல போகாது. காலம் பூரா திட்டுவேன், பரவாயில்லையா?"

"நான் எங்கயும் போகலைங்க."

ஐந்து மாதம் கழித்துக் கல்யாணம். மேடையிலும் ஏதோ முணுமுணுவென்று சண்டை. அந்தப் பெட்டி வேலை முடிந்து வானத்திலேயே எரிந்துபோன அன்று, யார் முதலில் அழுதது என்று இன்னொன்று. பிறகு நாலு தெரு தள்ளி வீடு பார்த்துக் குடிபோனார்கள்.

கம்பம் எங்கள் மாடியில்தான் இருக்கிறது. போகிற அன்று அவன் கடைசியாக ஒருமுறை நட்டை இறுக்கிவிட்டுப் போனான். எத்தனையோ பேர் ஸ்பானரோடு வந்து பார்த்தாயிற்று, அசையவில்லை. ஆன்டெனா பார்ப்பது அவர்கள் புது வீடு இருக்கும் பக்கம்... தெற்கு.