ஷெல்பியின் கட்டிலடிக் கூடை

கூடையில் மிச்சம் கிடந்த ஆப்பிளில் இருந்த கடியைப் பார்த்ததும் மார்லிஸுக்குச் சுருக்கென்றது. ஷெல்பிக்கு ஏழு வயது. முன்பற்கள் விழுந்து, சிரித்தால் பொக்கை. கடியிலோ பொக்கை இல்லை. பல் வரிசை தப்பாமல், அகலமாக, விதைவரை இறங்கியிருந்தது.

பக்கப் பல்லால் கடித்திருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கட்டிலடிக் கூடையில் புதிதாக ரொட்டியும் சீஸும் வாழைப்பழமும் வைத்தாள். வளர்ப்புத் தாயாக உரிமம் கொடுக்கும் முன் மாநிலக் குழந்தைகள் நலத்துறை நடத்திய வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பசியில் வளர்ந்த பிள்ளைகள் சாப்பாட்டைப் பதுக்கும். திட்டாதீர்கள், துருவிக் கேட்காதீர்கள், கையெட்டும் தூரத்தில் கூடை வைத்து நிரப்பிக்கொண்டே இருங்கள். பிள்ளையின் அறைக் கதவில் ஒரு மணியும் மாட்டச் சொன்னார்கள், எழுந்து நடமாடினால் தெரியவேண்டுமாம். மார்லிஸ் சொன்னதை அப்படியே செய்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டியே பாதி ஆயுள் போய்விட்டது. இந்தப் பிள்ளை வந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பவே அவளுக்கு ஆசை வந்தது.

ஆனால் கூடை காலியாகக் காலியாக, பிள்ளை இளைத்துக்கொண்டே போனாள். அறைக்குள் நனைந்த கம்பளி காயாமல் கிடப்பதுபோல ஒரு வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகவில்லை. மனசு கேட்காமல் நலத்துறை அலுவலர் கோராவுக்கு போன் போட்டாள்.

"வைக்கிறதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல கோரா. பிள்ள துரும்பா ஆயிட்டா."

"போன வீட்லயும் இதேதான் சொன்னாங்க. முடியலன்னா நேரா சொல்லிடுங்க மார்லிஸ். ஆனா இனிமே வேற வீடு கிடையாது. ஒமாஹா ஊர்ல இருக்கிற அநாதைப் பிள்ளைங்க விடுதிதான்."

"ஐயய்யோ, அனுப்புறேன்னு நான் எப்பச் சொன்னேன்? எம்புள்ள இங்கதான் இருப்பா!"

'எம்புள்ள' என்று வாயில் வந்துவிட்டதே என்று, போனை வைத்த பிறகு அவளுக்குக் கண் கலங்கியது.

அந்த வாரம் பனிப்புயல். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். கூடையில் கொட்டிக் கொட்டியே அலமாரி துடைத்துவிட்டதுபோல் ஆகியிருந்தது. சாயங்காலமே கும்மிருட்டு. மிஞ்சியிருந்த சூப் டப்பாவைச் சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"நான் குடிச்சிட்டா கூடைக்கு?" என்றாள் ஷெல்பி.

"கூடைக்கு ஒண்ணும் இல்லடி கண்ணு. நீ குடி."

பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "மிஸ் மார்லிஸ், எனக்குப் பசிக்கல. இதக் கொண்டுபோய் வெச்சிடுங்க. ப்ளீஸ்."

"உனக்குன்னுதானே அந்தக் கூடையே!"

"எனக்குன்னு நான் எப்பவாச்சும் சொன்னேனா?"

மார்லிஸ் அவளை இழுத்து மடியில் உட்காரவைத்து, சோபாவில் இருந்தபடி கரண்டி கரண்டியாக ஊட்டினாள். வெளியே காற்று தகரக் கூரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது, ஹீட்டர் முனகியது, சூப்பின் ஆவியில் தக்காளி மணம் வந்தது, அதற்கடியில் மெதுவாக, எங்கிருந்தோ, அந்த ஈரக் கம்பளி வாடையும் வந்து சேர்ந்தது. ஷெல்பி விழுங்குவதை நிறுத்திவிட்டாள்.

டிங்.

பிள்ளையின் அறைக் கதவு. பிள்ளையோ மடியில்.

வெறுங்கால் ஓசை. நடைவழியில். சமையலறையில். ஃபிரிட்ஜ் திறந்தது. மூடியது. அலமாரி ஒவ்வொன்றாகத் திறந்தது. அவசரமே இல்லை. பிறகு சத்தம் நின்றது.

பிறகு இந்தப் பக்கம் திரும்பியது.

மார்லிஸ் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில், நடைவழி இருட்டுக்குள், ஏதோ நின்று மூச்சு விட்டது.

ஷெல்பி மடியிலிருந்து இறங்கினாள். பல் விளக்கப் போகிறவள் மாதிரி, சட்டைக் கையைச் சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, அரைவட்ட அரைவட்டமாகத் தழும்புகள். நாய் கடித்தது என்று சொல்லித்தான் கோரா இவளைக் கொண்டுவந்து விட்டுப்போயிருந்தாள்.

"பயப்படாதீங்க. கொஞ்சமாத்தான் எடுத்துக்கும். எனக்குப் பழகிடுச்சு. நீங்க மட்டும் என்னைய அனுப்பிடாதீங்க."

மார்லிஸுக்குப் பயம் போகவில்லை; அது அப்படியே இருந்தது. ஆனாலும் எழுந்தாள். பிள்ளையைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"கண்ண மூடிக்கடி."

ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றினாள். நீட்டினாள். விரல்கள் இருட்டுக்குள் போயின. மணிக்கட்டு போயிற்று.

முதலில் மோந்து பார்த்தது.

அப்புறம் ஈரமான இரண்டு சின்னக் கைகள், வேகவைத்த சோளக்கதிரைப் பிடிப்பதுபோல, அவள் கையை இரு பக்கமும் பிடித்து, எங்கே தொடங்கலாம் என்று மெல்லத் திருப்பின.