வலப்பக்கம் நகரும் பதில்கள்

அந்தப் பதிலுக்கு மேலே யாருடைய கருத்தும் இல்லை.

பிரஷாந்தன் பக்கத்தை மறுபடி திறந்தான். சிலிபின் கிராமத்து வீடுகளின் தகரக் கூரைகளில் மத்தியான மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஈரச்சுவரின் பூஞ்சை வாடையும் பக்கத்து வீட்டில் வதக்கும் மிளகாய்ச் சம்பல் நெடியும் கலந்து அறைக்குள் அசையாமல் நின்றன. சுங்காய்த் தோட்டத்து ஆட்களுக்காக அவன் கட்டிவந்த இணையதளம் அது. ஒரு கருத்துக்குப் பதில் எழுதினால் அதன் கீழே சற்று வலப்பக்கம் தள்ளி வரும்; பதிலுக்குப் பதில் இன்னும் தள்ளி. சோதித்துப் பார்க்க, நாற்பது நாளுக்கு முன் இறந்த மனைவி குமுதாவின் மரண அறிவிப்பையே எடுத்திருந்தான். ஊரார் எழுதிய அனுதாபங்கள் அதில் ஏராளம்.

இது அனுதாபம் இல்லை.

“தூங்கிட்டாளா?”

எழுதியவர் பெயர் வெறுமையாக இருந்தது. எட்டு மாத மகள் ஷர்மினி அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குமுதாவின் பெரியம்மா வீரம்மாவைக் கைப்பேசியில் அழைத்தான்.

“வெப்சைட்ல நீங்களா எழுதுனது, பெரியம்மா?”

“எனக்கு வாட்ஸ்அப்பே ஒழுங்கா வராதுலா. பிள்ள எப்படி இருக்கு?”

“தூங்குறா.”

“அன்னைக்கே சொன்னேன். எங்க லயத்துல தாய் செத்தா, கைப்பிள்ளைய பெட்டிக்கு மேல மூணு தரம் தாண்டிக் கொடுத்து வாங்குவோம். இல்லாட்டி செத்தவ பிள்ளையத் தேடிக்கிட்டு வருவா. பெரிய படிப்பு படிச்ச மாப்பிள்ள, சிரிச்சீங்க.”

உண்மைதான். அன்று அவனுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது.

கைப்பேசியை வைத்தபோது, அந்தப் பதிலின் கீழ் இன்னொன்று நின்றது.

“கேட் கிட்ட இருக்கேன்.”

நீக்கினான். ‘நீக்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே, இன்னும் சற்றுத் தள்ளி:

“ஹால்ல.”

நான்கு அடுக்குக்கு மேல் பதில் வரக்கூடாது என்று நிரலில் எழுதினான். நான்காவது வந்தது.

“உங்க பின்னால.”

ஈரத் தலைமுடியின் வாடை. மருத்துவமனைப் போர்வையின் வாடை. கழுத்தில் குளிர். அவன் திரும்பவில்லை. குளிர் அவனைக் கடந்து போயிற்று.

ஐந்தாவதும் வந்தது. திரையின் வலது ஓரத்தில் அதற்கு இடமே இல்லை. எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சொட்டின.

பா
ப்
பா

ஓடினான்.

உத்தரத்தில் மாட்டிய ஸ்பிரிங் தொட்டில் ஆடவில்லை. பிள்ளையின் எடைக்கு அரை முழம்கூட இறங்காத கம்பிச்சுருள் முழுவதும் இழுபட்டு, தொட்டில் துணி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. துணிக்குள், முழங்காலை மடக்கிப் படுத்த ஒரு முழு உடம்பு.

அழுகை இல்லை. பால் உறிஞ்சும் சத்தம் மட்டும்.