தொண்ணூறு படிகள்

போன் அலறியது.

காலை பத்து மணி. அணைப் பாதுகாப்பு அலுவலகத்தில் இன்ஜினியர் அப்போதுதான் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடியிருந்தார்.

"ஹலோ..."

"சார்... படகு ஏரியிலேர்ந்து பேசறேன். மதகுக்காரரோட சம்சாரம்..." மறுமுனையில் ஒரு பெண் விசும்பினாள். "எங்க வீட்டுக்காரர் அணைக்குக் கீழே பேச்சு மூச்சில்லாமக் கிடக்கறார் சார்!"

"என்னது!"

"சட்டையெல்லாம் செக்கச்செவேல்னு... ஐயோ!"

லைன் துண்டிக்கப்பட்டது.

இன்ஜினியரின் பார்வை ரிப்போர்ட்டின் மேல் விழுந்தது. கையெழுத்தின் ஈரம்கூடக் காயவில்லை.

'மண் அணையின் அடிவாரத்தில் நீர்க்கசிவு உண்டா?' - இல்லை.

'அடிவாரத்தில் இறங்கிப் பார்த்த நாள்?' - நேற்று.

பொய்!

நேற்று அவர் இறங்கவில்லை. போன வருஷமும் இறங்கவில்லை. அதற்கு முந்தின வருஷமும்தான்! ஏரி முதலாளி படகுத்துறையில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துப் புதிய ரிப்போர்ட்டை எழுதியிருந்தார். அடிவாரத்துக்குத் தொண்ணூறு படி. அவருக்கு முழங்கால் வலி.

இந்த வாரம் மட்டும் மதகுக்காரர் மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். "கீழே தண்ணி கலங்கலா வருது சார். ஒரு எட்டு வந்து பாருங்க."

"பார்க்கலாம்யா" என்று மூன்று தடவையும் போனை வைத்தாயிற்று.

'போலீஸ் இந்த ரிப்போர்ட்டைக் கேட்குமோ?'

ஒரு மனுஷன் செத்துக் கிடக்கிறான்... முதலில் வந்த நினைப்பு இது! அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ரிப்போர்ட்டை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார்.

காரில் போகும்போது முதலாளியின் போன்.

"சார், சாயங்காலம் நாலு மணிக்குப் படகுப் போட்டி. ஏரியைத் தளும்பத் தளும்ப நிரப்பிட்டேன். கரைமேல ஐநூறு பேர் உக்காரப் போறாங்க. ரிப்போர்ட் ரெடியா?"

"உங்க மதகுக்காரர்..."

"அவனா? ஒரு வாரமா ஒரே தொணதொணப்பு. நேத்துத்தான் வாயை அடைச்சேன்!"

இன்ஜினியர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தார்.

அடப்பாவி!

ஏரிக்கரையில் காரை நிறுத்தினார். படிகளில் தடதடவென்று இறங்கினார். முழங்கால் வலி என்று ஒன்று இருந்ததே நினைவில்லை.

அடிவாரத்தில் மதகுக்காரர் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் தலையில் கைவைத்தபடி மனைவி. சட்டை முழுக்க... சிவப்பு!

விரலால் தொட்டார்.

நறநறத்தது.

ரத்தம் இல்லை... களிமண்!

சுற்று வட்டாரம் பூராவும் கரிசல் மண். சிவப்புக் களிமண் இருப்பது ஒரே இடத்தில்தான். அணையின் நடு வயிற்றில்! தண்ணீரை நிறுத்தி வைப்பதே அதுதான். அது இங்கே எப்படி வந்தது?

குனிந்து பார்த்தார். அவர் ஷூவுக்குப் பக்கத்திலேயே, ஒரு வாளி அகலத்துக்கு, தண்ணீர் குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பாக!

அணையைத் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கிறது. மேலே தளும்பும் ஏரி. கீழே... கூப்பிடு தூரத்தில் நாற்பது வீடுகள். கொடியில் துணி காய்கிறது. யாரோ ஒரு தாய் குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

அவர் சேற்றிலேயே மண்டியிட்டார்.

"அம்மா... உங்க வீட்டுக்காரரைக் கொன்னது நான்தாம்மா!"

"என்ன சார் சொல்றீங்க?"

"மூணு வருஷமா நான் இங்கே இறங்கினதே இல்லை. கசிவு இல்லைன்னு மேலே உக்காந்தே எழுதினேன். அத்தனையும் பொய்! வெக்கமா இருக்கும்மா..."

"அதை அப்படியே எழுதிக் குடுப்பீங்களா சார்?"

கேட்டது மனைவி இல்லை.

பிணம்!

இன்ஜினியர் அலறிப் பின்னால் சாய்ந்தார். மதகுக்காரர் எழுந்து உட்கார்ந்து வாயிலிருந்த மண்ணைத் துப்பினார்.

"மன்னிச்சுக்குங்க சார். தண்ணி கலங்கலா வருதுன்னேன், நீங்க வரலை. பிணம்னா வருவீங்கன்னு இவதான் சொன்னா."

"நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா?" என்றாள் அவள், ஈரமே இல்லாத கண்ணைத் துடைத்தபடி.

"மதகை நீயே திறந்திருக்கலாமேய்யா!"

"உங்க எழுத்து இல்லாமத் தொட்டா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவேன்னு முதலாளி வாயை அடைச்சுட்டாரே சார்!"

இன்ஜினியருக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அடங்கியது. கோபப்பட எந்த மூஞ்சி இருக்கிறது? செத்தவன் முன்னால் பட்ட வெட்கத்தைவிட உயிரோடு இருப்பவன் முன்னால் பட்ட வெட்கம் பெரிதாக இருந்தது.

போனை எடுத்தார்.

"முதலாளி, போட்டி கிடையாது. மதகைத் திறக்கறோம். கரைமேல ஒரு ஆள் நிக்கக் கூடாது!"

"என்ன சார் இது! உங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் வெக்கலை. அந்த நாற்காலிதான் என்னைக் கெடுத்தது!"

வைத்தார். வீடுகளைக் காலி செய்யச் சொல்லி மனைவி ஏற்கெனவே கத்திக்கொண்டே ஓடியிருந்தாள்.

பையிலிருந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பின்பக்கம் எழுதினார். 'மதகை முழுவதும் திறக்கவும். மூன்று வருஷமாக நான் அடிவாரத்தில் இறங்கவில்லை.' கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மதகுக்காரர் படித்தார். தயங்கினார்.

"முதல் வரி போதும் சார். ரெண்டாவது வரிக்கு உங்க வேலையே போயிடும்."

"போகட்டும்யா. நீ ஓடு!"

காகிதத்தோடு படியேறியவர் மூன்றாம் படியில் திரும்பினார்.

"கவலைப்படாதீங்க சார்! பிணமாப் படுக்கற வேலை இப்ப காலியாத்தான் இருக்கு... என்ன, தினமும் தொண்ணூறு படி இறங்கணும்!"