தியாகேசனை வேலைக்கு வைத்தவர்கள்

காலையில் எழுந்தால் மற்றவர்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள். நான் கழுத்துப்பட்டியைத் தேடுவேன். அதை மாட்டித் தொண்டைக்குழியில் ஒரு தட்டுத் தட்டினால் இரவல்குரல் விழித்துக்கொள்ளும். "காலை வணக்கம், செண்பகம்" என்பேன். என் மனைவி பதில் சொல்ல மாட்டாள். பினாங்குத் தீவின் எல்லா லிஃப்டுகளிலும் "கதவு மூடுகிறது" என்று அறிவிப்பது அதே குரல்தான். பதினோரு ஆண்டுகளாக ஒரு லிஃப்டோடு குடித்தனம் நடத்துகிறாள். குறை சொல்ல முடியாது.

என் சொந்தக் குரல் குத்தகைக்குப் போயிருக்கிறது. குரல்குத்தகைச் சட்டப்படி, எடுத்தவர் பெயரில் இருக்கும்வரை அது அவருடைய வாய். அது எங்கே பேசினாலும் அவர் பேசியதாகவே கணக்கு. சொந்தக்காரன் அதை வைத்து முனகக்கூடக் கூடாது. ஒருமுறை பட்டியைக் கழற்றிவிட்டுக் குளியலறையில் இரண்டு வரி பாடிப் பார்த்தேன். எதிரே இருந்த கண்ணாடியே எனக்கு நோட்டீஸ் கொடுத்தது.

நான் ஆங்கில வாத்தியார். சீனமொழி பேசுகிறவர்களுக்கு மட்டும். அதிலும் வேலைக்கு ஆள் வைப்பது, வாடகைக்குப் பொருள் எடுப்பது பற்றிய சொற்கள் மட்டும். முப்பது வருடம் அதே பாடம். அவர்கள் மொழியில் ஆளுக்கு ஒரு சொல், பொருளுக்கு ஒரு சொல், தெளிவாக இருப்பார்கள். ஆங்கிலத்துக்கு வந்ததும் சைக்கிளை 'எம்ப்ளாய்' செய்வார்கள், சித்தப்பாவை 'ரெண்ட்' எடுப்பார்கள். நான் பொறுமையாகத் திருத்துவேன். அப்பேர்ப்பட்ட நான், தியாகேசன் நீட்டிய பத்திரத்தில், என்னை வேலைக்கு வைக்கிறார்கள் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

தியாகேசன் பாட நிறுவனத்தின் தவுக்கே. முதலாளி என்று பொருள். பிறவியில் அவருக்கு வாய்த்தது கொசுவின் குரல். என் குரலை நிழலாசிரியருக்குப் பூட்டி, அந்த ஒளியுருவைச் சீனாவெங்கும் வகுப்புகளில் நிற்க வைத்தார். அதோடு விடவில்லை; தானும் மாட்டிக்கொண்டு கூட்டங்களில் கர்ஜித்தார்.

அதையும் பொறுத்தேன். செண்பகத்துக்கு இதய அறுவை நடந்த அன்றுதான் ஒரே ஒரு உதவி கேட்டேன்.

"பத்து நிமிஷம் குரலைக் கொடுங்க தவுக்கே. மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னால ஒரு வாட்டி உங்க குரல்ல கூப்பிடுங்கன்னு கேக்கறா. கூப்பிட்டுட்டு உடனே திருப்பித் தந்துடறேன்."

"எனக்கு மீட்டிங் இருக்குலா, வாத்தியாரே," என்றார் அவர், என் குரலில்.

செண்பகம் பிழைத்துக்கொண்டாள். தியாகேசனை மட்டும் பிழைக்க விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

இந்த நாளில் கையெழுத்தெல்லாம் ஒழிந்துவிட்டது. பெயர், வேலை, கிழமை மூன்றையும் சொல்லி ஒருவர் கேட்டு, மற்றவர் வாயால் சம்மதித்தால் அதுவே சொல்முறி, வாய்வழி ஒப்பந்தம். செவியகம் என்கிற அலுவலகம் எங்கிருந்தோ கேட்டுப் பதிந்துகொள்ளும். உலகம் முழுவதும் செல்லும். அதனால்தான் பாடங்களில் பூமியில் இல்லாத ஆட்களின் பெயர்களையே போடுவோம். வருடத்துக்கொருமுறை பயிற்சி வாக்கியங்களைப் புதுப்பிக்கும் வேலை மட்டும் என்னிடம் இருந்தது. அந்த வருடம் தியாகேசனே கூப்பிட்டார்.

"பாடத்துல என் பேரு வரணும் வாத்தியாரே. சீனாவுல சின்னப் புள்ளகூட என் பேரைச் சொல்லணும்."

வேண்டாம், ஆபத்து என்று சொல்லியிருக்கலாம். "தங்கள் விருப்பம்" என்றது லிஃப்ட்.

மாணவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதினேன்: 'திரு. தியாகேசன் அவர்களே, திங்கள்கிழமை எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ உங்களை வேலைக்கு வைக்க விரும்புகிறேன்.' நிழலாசிரியரின் பதில்: 'மகிழ்ச்சி. வந்துவிடுகிறேன்.' பாத்திரத்துக்குப் பதிலாக வேறு வேலைகளையும் வேறு கிழமைகளையும் போட்டுப் பழகவும் என்று அடிக்குறிப்பும் சேர்த்தேன். என் மாணவர்கள் உழைப்பாளிகள். ஒரு வாக்கியத்தை நாற்பது முறை சொல்லாமல் புத்தகத்தை மூட மாட்டார்கள். மூன்று லட்சம் பேர் பழகினார்கள்.

அடுத்த திங்களன்று ஷியாமெனிலிருந்து சென் யூலான் என்கிற அம்மாள் நிறுவனத்தைக் கூப்பிட்டாள். கடலுணவுக் கடைக்காரி. "நான் வேலைக்கு வைத்த ஆள் இன்னும் வரவில்லை. ஆறு கூடை இறால் காத்திருக்கிறது" என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னாளாம். கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. மத்தியானத்துக்குள் செவியகத்தின் வண்டி வந்து தியாகேசனை ஏற்றிக்கொண்டு போனது. எந்தக் குரல் வாக்குக் கொடுத்ததோ அந்தக் குரலோடுதான் வேலைக்குப் போக வேண்டும் என்பது விதி. என் குரலோடு இறால் உரித்தார். செங்டுவில் வாத்து மேய்த்தார். ஹார்பினில் ஒரு கிழவரின் கூரைமேல் பனி வாரினார். கீழே நின்ற கிழவர், "வேலையாளுக்குச் சறுக்காத செருப்பு தேவை" என்று முழு வாக்கியமாகச் சொன்னாராம்.

ஏழாம் மாதம் ஒருநாள் விடுப்பில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

"குரலை எடுத்துக்குங்க வாத்தியாரே. இப்பவே. உங்ககிட்ட திரும்பி வந்துட்டா அது குடுத்த சொல்முறி எதுவும் செல்லாதாம். வக்கீல் சொல்லிட்டாரு."

"குத்தகை முடிய இன்னும் ஒரு வருடம் உள்ளது" என்றேன்.

"கால்ல விழறேன், ஐயா."

"தரை ஈரமாக உள்ளது. கவனம்."

அவர் போனதும் திரும்பினேன். செண்பகம் கதவோரம் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"கொண்டாந்து குடுத்தான். வேணாம்னுட்டீங்க," என்றாள்.

"ஒரு வருடம்தான். பிறகு கிடைத்துவிடும்."

"எனக்கு அந்த ஒரு வருசம் இருக்குதான்னு டாக்டர்ட்ட கேட்டீங்களா?"

கூரைமேல் தியாகேசன் வழுக்குவது கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி விடுவது?

அன்று மாலை அவள் சுவர்த்திரையில் என் பாடத்தைத் திறந்தாள். வாழ்நாளில் ஆங்கிலம் கற்க விரும்பாதவள். வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்; பாத்திரம் இருந்த இடத்தில் வேறு வேலையைப் போட்டாள். 'வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு நியூஸ்பேப்பர் படித்துக்காட்ட.' 'மகிழ்ச்சி. வந்துவிடுகிறேன்' என்றது என் குரல்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் தியாகேசன் வருகிறார். அவள் புதுப்புடவை கட்டிக்கொள்கிறாள். உள்ளறையில் நாற்காலி போட்டு, முகம் தெரியாதபடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார வைக்கிறாள். பிறகு கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் கூடத்தில் காத்திருக்கிறேன். நான் நினைத்தால் எழுந்துபோய் ஒரு வார்த்தையில் இதை முடித்துவிடலாம். ஆனால் சனிக்கிழமை அவருக்கு லான்ஜோவில் ஒட்டகம் குளிப்பாட்டும் வேலை இருக்கிறது.

"அடுத்த பக்கம் போகலாமா, செண்பகம்?" என்று கேட்கிறது என் குரல்.

"போலாங்க," என்கிறாள் அவள்.