அரசி உட்கார்ந்தாள்

விடிந்ததும் சுவரைப் பார்ப்பது அப்போது எல்லா வீடுகளிலும் வழக்கமாயிருந்தது. வரைசுவர் தினமும் அந்த வீட்டாரைப் புதிதாக வரைந்து காட்டும். தூத்துக்குடியில் ஓவியர் நன்முல்லையின் வீட்டிலும் அப்படித்தான். அவள் கணவன் சேந்தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவள் பக்கத்தில் நிற்பாள். உடை மாறும், வெளிச்சம் மாறும். அவள் மட்டும் உட்கார்ந்ததே இல்லை.

அப்படி வரையும்படி யாரும் சொல்லவில்லை. பழைய ஓவியங்களைச் சேர்த்துவைத்த மூலக்களஞ்சியத்திலிருந்துதான் எல்லாச் சுவர்களும் கற்றன. பாடப்புத்தகப் படமும் கல்யாணப் படமும் அங்கிருந்தே பிறந்தன. புதிதாக ஒன்று அதில் சேரவேண்டுமானால் அது கையால் வரைந்ததாக இருக்கவேண்டும். ஒரு பழைய ஓவியத்தில் வேர்கொண்டிருக்கவும் வேண்டும். களஞ்சியத்தின் தேர்வுக்குழு ஒருமுறை தள்ளிவிட்டால், அந்தப் பழைய ஓவியத்தை வேராகக்கொண்டு மறுபடி யாரும் வரையமுடியாது.

நன்முல்லை ஒரு கோயில் சுவரோவியத்தை எடுத்துக்கொண்டாள். அரியணையில் அரசன், அருகில் ஒரு காலை மடக்கி நிற்கும் அரசி. முதலில் இருவரையும் இடம்மாற்றி வரைந்து சேந்தனிடம் காட்டினாள்.

"ராஜா ஒக்காந்த எடத்துல ராணி ஒக்காந்துட்டா," என்றான் அவன். "நிக்கிறதுக்கு இன்னும் ஒரு ஆளு வேண்டித்தானே இருக்கு?"

அன்று முழுக்க அவனோடு அவள் பேசவில்லை. கோபத்திலேயே நின்று வரைந்தவளுக்கு மாலையில் கால் கடுத்தது. ஒரு முழங்காலை மடக்கி மறுகாலில் பாரத்தைப் போட்டாள். தற்செயலாகப் பழைய ஓவியத்தைப் பார்த்தாள். அரசியும் அப்படியேதான் நின்றிருந்தாள்.

புதிய ஓவியத்தில் அரசி உட்கார்ந்துவிட்டாள். அரசன் அதே அரியணையில் நகர்ந்து இடம்விட்டிருந்தான்.

குழுத்தலைவர் இளவழுதி, அரசி காலை மடக்கி நிற்கும் அந்த நிலையைப் பற்றியே நூல் எழுதியவர். ஓவியம் அருமை என்றார். ஆனால் அந்த நளினம் போய்விட்டது, அரசியைத் திரும்ப நிற்கவைத்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்றார். தள்ளுபடியானால் எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"அது நளினமில்லீங்க ஐயா, கால்வலி," என்றாள் நன்முல்லை. "தூக்கின பாதத்தப் பாருங்க, வெரலு எல்லாம் சுருண்டிருக்கு. வரைஞ்சவருக்கு அது தெரிஞ்சிருக்கு. நான் எதையும் மாத்தல. அதுக்கு அடுத்த நொடியத்தான் வரைஞ்சிருக்கேன்."

இளவழுதி அந்தப் பாதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, மற்றவர்கள் வாய் திறக்குமுன், முதல் ஒப்புதலை அவரே இட்டார்.

களஞ்சியத்துக்குள் போன ஓவியத்தில் வரைந்தவர் பெயர் கிடையாது. ஆற்றில் கலந்த மழைபோலத்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ச் சுவர்களில் நாற்காலிகள் அகலமாயின. பெண்கள் உட்கார்ந்தார்கள். பார்த்தவர்கள் அது என்றைக்கும் அப்படித்தான் இருந்தது என்று நினைத்தார்கள்.

மறுவருடம் உறவில் ஒரு கல்யாணம். சேந்தனின் மாமா பந்தி முடிந்து வந்து நீளிருக்கையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். எத்தனையோ கல்யாணங்களில் அவர் பக்கத்தில் நின்றே பழகிய அத்தை, அன்றும் வந்து நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். யாரும் சொல்லாமலே ஓரமாக நகர்ந்தார். அத்தை உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள்.

சேந்தன் மனைவியின் காதருகே குனிந்து, அது அவள் வரைந்தது என்று போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம்," என்றாள் நன்முல்லை, தலை நிமிர்ந்து, கண் நிறைந்து. "அவருக்கே தோணினதாவே இருக்கட்டும்."